எதிர்க்கரையில் கொட்டிய கல்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். நீயும் சின்னவளும் உங்கள் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாகச் சின்னவள் எழுதியிருந்தாள். அந்த இடத்தை நாக்கால் துழாவ வேண்டாம் என்று சொல், பல் கோணலாக முளைக்கும். நீ அப்படித்தான் துழாவிக்கொண்டே இருந்தாய். கண்ணாடியில் பார்த்துக்கொள்.

எதிர்க்கரையில் கல் கொட்டும் வேலை ஒருவழியாக முடிந்தது. நான்கு மாதம் லாரிச் சத்தத்தில் காது போய்விட்டது. பாலத்துக்குச் சற்று மேலே, ஆற்றுக்குள் கை நீட்டினாற்போல ஒரு கல் தடுப்பு. பாலத்தின் காலைத் தண்ணீர் அரிக்காமல் இருக்க என்று சொன்னார்கள். உன் ஆபீஸ் வேலைதானே அது? அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. மாவு அரைக்க வருகிறவர்களிடமெல்லாம், "எம் மச்சினன் அளந்து குடுத்தாதான் அங்க ஒரு கல்லு விழும்" என்று அளக்கிறார்.

மில்லில் ஒரு தொல்லை. பத்து நாளாக பெல்ட் புல்லியை விட்டுக் கழன்று விழுகிறது. புது பெல்ட் மாட்டியாகிவிட்டது. அதுவும் விழுகிறது. எப்போதும் ஆற்றுப் பக்கமாகத்தான் விழுகிறது. அத்தான் நூல் பிடித்துப் பார்த்தார். மெஷின் நிற்கிற சிமெண்டுத் தளம் அந்தப் பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறதாம். பதினைந்து வருடம் அசையாமல் நின்ற தளம்.

அந்தக் கல் தடுப்பின் வரைபடம் நீ போட்டதுதானா? எழுது. தெருவில் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 17

அன்பு அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். நீ சொன்னதைக் குட்டியிடம் சொன்னேன். இப்போது ஒளிந்துகொண்டு துழாவுகிறாள்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் பக்கத்து வீடு காலியாகிறது. இரண்டு அறை, காற்றோட்டமான சமையலறை. சந்தைக்குப் பின்னால் ஒரு மாவு மில்லையும் நடத்த ஆள் தேடுகிறார்கள். மோட்டார் போன வருடம் வாங்கியது. அத்தானுக்கு வயது ஏறுகிறது, உனக்கும் முழங்கால் வலி. எத்தனை நாள்தான் இப்படித் தூரத்தில் இருப்பது? மழைக்காலத்துக்கு முன்னால் வந்துவிட்டால் குட்டியைப் பள்ளியில் சேர்க்கும்போது நீயும் இருப்பாய். நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. அத்தானிடம் பேசு.

ஆபீஸில் வேலை அதிகம். மற்றபடி விசேஷம் இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுது.

உன் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "மெஷினத் தோள்ல தூக்கிட்டு வரவா? உன் தம்பிக்கு அக்கா கையால சாப்பிடணும்னு ஆசை வந்துருச்சு, அவ்வளவுதான்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நேற்று ஆற்றில் துணி துவைக்கப் போனேன். படிகளில் கடைசி நான்கைக் காணவில்லை. தண்ணீருக்குள் இருக்கும் என்று காலால் தேடினேன். காலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

கரையை ஒட்டி நின்று பார்த்தேன். மேலே ஆளுயரத்துக்குக் கறுப்புக் களிமண், கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. அதற்குக் கீழே வெறும் மணல். விரலை வைத்தேன், கொட்டியது. தண்ணீர் அந்த மணலை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துப் போகிறது. மேலே இருக்கும் களிமண் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன்மேல்தான் கடைசி வீட்டுக்காரரின் கோழிக்கூடு இருக்கிறது. தையல்காரர், தெருவே ஊசி என்று கூப்பிடும், அவர்தான். அவர் பயந்துபோயிருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறார். "உங்க தம்பி என்னக்கா சொல்றாரு?" என்று என்னை வந்து கேட்டார்.

நீதான் சொல்ல வேண்டும். படித்தது நீ. ஆற்றை அளக்கிறவன் நீ. எங்கள் தெருவுக்கு ஆபத்து உண்டா? உண்டு என்று ஒரு வரி எழுது, வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன். அத்தானை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வரைபடம் நீ போட்டதா என்று போன கடிதத்தில் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அக்கா


மே 22

அன்பு அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வெளி வேலையில் அலைந்தேன். இங்கே அனைவரும் நலம்.

நீ கரையைப் பார்த்து எழுதியதை வாசித்தபோது, நீயும் என்னோடு படித்திருக்கலாம் என்று தோன்றியது. ஆறு என்றால் அப்படித்தான் அக்கா. மேலே மலையில் பாறை இருக்கிறது. வெயிலில் விரிகிறது, குளிரில் சுருங்குகிறது, வெடிப்பில் மழை புகுகிறது, வேர் புகுகிறது. எவ்வளவு பெரிய பாறையும் ஒருநாள் உதிரும். உதிர்ந்ததை ஆறு உருட்டிக்கொண்டு வரும். உருள உருளக் கூழாங்கல், பிறகு மணல், பிறகு வண்டல். நீ விரலால் தொட்ட மணல் ஒரு காலத்தில் மலையாக இருந்ததுதான். வளைவில் வெளிக்கரைப் பக்கம் தண்ணீர் வேகமாகப் போகும், அங்கே அரிக்கும். உட்கரையில் மெதுவாகப் போகும், அங்கே போடும். ஒரு கையால் எடுத்து மறு கையால் வைப்பதுதான் அதற்கு வேலை. ஓர் ஆறு தன் வளைவை மாற்றிக்கொள்ள நூறு வருடம், இருநூறு வருடம்கூட ஆகலாம்.

இருந்தாலும் மழைக்காலத்தில் நீ இங்கே இருந்தால் எனக்கு நல்லது. சின்னவளுக்கு உடம்பு சரியில்லை. ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்கிறார்கள். நான்கு மாதம் வந்து இருக்க முடியுமா? அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. தனியாக விட்டுவிட்டு வராதே.

உன் தம்பி


ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம்.

உன் கடிதம் வந்த அன்று குழாயடியில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். உறையைப் பார்த்ததும், "தம்பி கடுதாசியா? ஆத்தைப் பத்தி என்ன எழுதியிருக்காரு?" என்று சூழ்ந்துகொண்டார்கள். சத்தமாக வாசித்தேன், மலை, மணல், வளைவு எல்லாம். நூறு வருடம் என்ற இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஊசி, "அப்ப என் பேத்தியோட பேத்தி பாத்துக்கட்டும்" என்றார். அண்ணன் வீட்டுக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தார். அன்று சாயங்காலமே அவிழ்த்துவிட்டார். கோழிக்கூட்டை மட்டும் முற்றத்துக்குள் நகர்த்திக்கொண்டார். அத்தான் மெஷினுக்கு அடியில் இரும்புத் தகடு செருகிச் சமன் செய்துவிட்டார். பெல்ட் இப்போது நிற்கிறது.

எல்லோரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். என்னால்தான் முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் கிடைத்ததும் பதறிப்போய்ச் சின்னவளுக்குத் தனியாக எழுதினேன். நேற்று பதில் வந்தது. தனக்கு ஒரு நோயும் இல்லை, ஆபரேஷன் என்று யார் சொன்னது என்று கேட்கிறாள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, கேட்டால் எரிந்து விழுகிறாய் என்றும் எழுதியிருக்கிறாள்.

தம்பி, சின்ன வயதில் நீ பொய் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவேன். இப்போதும் கண்டுபிடித்துவிட்டேன். எதற்காகச் சொன்னாய் என்பதுதான் பிடிபடவில்லை.

அக்கா


ஜூன் 19

அக்கா,

நலம். என் கடிதங்களை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டாதே. நூறு வருடம் என்று உங்கள் தெருவைப் பற்றி நான் எழுதவில்லை, பொதுவாக ஆறுகளைப் பற்றி எழுதினேன். தையல்காரரை அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல். நீங்களும் மழைக்கு முன்னால் கிளம்புங்கள். காரணம் கேட்காதே. உன் தம்பி சொல்கிறேன், அது போதாதா?

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. ஆறு நிறம் மாறி, கலங்கி, அகலமாகிவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் இரைச்சலில் பேச்சுக் கேட்பதில்லை. முன்பெல்லாம் வெள்ளம் வந்தால் நடு ஆற்றில்தான் சுழித்துக்கொண்டு போகும். இந்த வருடம் எதிர்க்கரைக் கல்லில் மோதி நேராக நம் பக்கம் திரும்புகிறது. மிதந்து வரும் மரக்கிளைகள்கூட நம் கரையில் வந்து முட்டிவிட்டுத்தான் போகின்றன. இதைப் பார்க்கப் படிப்பு வேண்டியதில்லை.

ஊசியிடம் சொன்னேன். "போகச் சொல்றாரா? ஏனாம்?" என்றார். காரணம்தான் நீ எழுதவில்லையே. "ஒரு காரணம் சொல்லுங்கக்கா. பள்ளிக்கூடச் சீருடை நாப்பது வாங்கி வெச்சிருக்கேன். சும்மா போன்னா எங்க போறது?" என்றார். அத்தானிடமும் சண்டை போட்டேன். அவர் கத்தவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "அவன் நம்ம பிள்ளை. நெசமாவே ஆபத்துன்னா கடுதாசியா போட்டுட்டு இருப்பான்? முதல் பஸ்ல வந்து வாசல்ல நிப்பான். வரலைன்னாலே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

ஆகவே வா. இரண்டு நாள் லீவு போடு. அத்தானுக்கு முன்னால் உட்கார்ந்து உன் வாயால் சொல். நீ இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

பாலத்தை மூடிவிட்டார்கள், பஸ் ஓடவில்லை. உங்கள் தபாலாபீஸ் போன் இரண்டு நாளாகச் செத்துக் கிடக்கிறது. தபால் மூட்டை மட்டும் படகில் கடக்கிறது என்றார்கள். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வாசித்து முடித்ததும் வேறு எதுவும் செய்யாதே, தெருவைக் கிளப்பு.

வரைபடம் நான் போட்டதுதான். அந்தக் கரையிலிருந்து தள்ளிவிடுகிற தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். எங்கே போகும் என்று கணக்குப் போட்டேன், நீரோட்டத்தை அம்புக்குறியாக வரைந்தேன். அம்பு உன் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து முடிந்தது. உங்கள் கரைக்கும் கல் போட வேண்டும் என்று குறிப்பு எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அவர், "ரெண்டு கரைக்கும்னு சொன்னா இந்த வருஷம் வேலையே நடக்காது. இந்த அம்பை அழிச்சிட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். அது யார் தெரு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ரப்பரை எடுத்து அழித்தேன். கையெழுத்துப் போட்டேன். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாவதற்கான பட்டியல் போயிருந்தது.

பிறகு எப்படியாவது உங்களை மட்டும் வெளியே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குத்தான் காலி வீடு, சின்னவளுக்கு ஆபரேஷன் எல்லாம். உண்மையை எழுதினால் உனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும் என்று பயந்தேன். வராததற்கும் அதுதான் காரணம். அந்த ஜன்னலில் நின்று ஆற்றைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இதை மட்டும் நன்றாகக் கேள். வெள்ளம் ஏறி நிற்கும்போது பெரும்பாலும் விழாது. அந்தத் தண்ணீரே கரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆறு சட்டென்று இறங்கும்போதுதான் ஆபத்து. கரைக்குள் ஊறிய தண்ணீர் அவ்வளவு வேகமாக வெளியே வராது. மண் நனைந்து கனத்து நிற்கும், வெளியிலிருந்து தாங்க ஒன்றும் இருக்காது, அடியில் மணலும் இருக்காது. தண்ணீர் வடிகிறது, பிழைத்தோம் என்று நினைக்காதே. வடிகிற நாள்தான் நாள்.

ஓடிப் போங்கள். பிறகு என்னைத் திட்டு.

தம்பி


ஆகஸ்ட் 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலம். இந்தத் தடவை மனதார எழுதுகிறேன்.

நேற்றுக் காலையிலிருந்து ஆறு இறங்குகிறது. இரண்டு நாளாக வாசல் படியை நக்கிக்கொண்டிருந்த தண்ணீர் இன்று ஆளுயரத்துக்குக் கீழே போய்விட்டது. வெயிலும் வந்துவிட்டது. தெருவே பாய் தலையணையை வெளியே போட்டுக் காயவைக்கிறது. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போயிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஊசி பெண்டாட்டி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். ஒரு வாரமாக அரைக்காத தானியம் மில் வாசலில் வரிசை கட்டி நிற்கிறது. அத்தான் காலையிலிருந்து மெஷினை நிறுத்தவில்லை. தலை, புருவம் எல்லாம் மாவு.

முற்றத்தில் ஒரு கோடு மாதிரி வெடிப்பு ஓடியிருக்கிறது. ஈரம் காய்ந்ததால் இருக்கும். மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டேன்.

உன்மேல் இருந்த கோபமும் தண்ணீரோடு வடிந்துவிட்டது. உன்னைக் குறுக்குக் கேள்வி கேட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. பஸ் ஓடத் தொடங்கியதும் குட்டியைக் கூட்டிக்கொண்டு வா.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்கா,

நீ பதினாறாம் தேதி எழுதியது இன்றுதான் கிடைத்தது. நான் பதினான்காம் தேதி எழுதியது உனக்குக் கிடைத்ததா? பேப்பரில் மூன்று வரிதான் போட்டிருக்கிறான். ஆற்றங்கரையில் ஏழு வீடுகள், ஒருவர் பலி என்று இருக்கிறது. பெயர் இல்லை. தினமும் தபாலாபீஸில் நிற்கிறேன். பாலம் இன்னும் திறக்கவில்லை, போனும் யாரும் எடுக்கவில்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி


செப்டம்பர் 19

தம்பிக்கு,

நானும் அத்தானும் உயிரோடு இருக்கிறோம். உன் நலம் விசாரிக்க இப்போது கை வரவில்லை. சின்னவளும் குட்டியும் சுகமாக இருக்கட்டும்.

உன் பதிவுத் தபால் ஆகஸ்ட் பதினெட்டு, காலை பதினொரு மணிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே நின்று வாசித்தேன். ரப்பர் என்ற இடம் வந்ததும் உன்மேல் கோபப்படக்கூட நேரம் இல்லை. மில்லுக்குள் ஓடி அத்தானிடம் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மெஷினை நிறுத்தினார். வரிசையில் நின்றவர்களை, "மூட்டையை விட்டுட்டு மேட்டுக்கு ஓடுங்க" என்று தள்ளினார். நீ ஒரு வரி எழுதியிருந்தால் ஏப்ரலிலேயே நிறுத்தியிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது.

வீடு வீடாகப் போனோம். எல்லோரும் வந்தார்கள். ஊசி வீட்டில் அவர் தைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் காட்டினேன். பாதிவரை வாசித்தார். "அக்கா, போன கடுதாசில நூறு வருஷம்னாரு. இதுல இன்னைக்கேன்னு சொல்றாரு. எதை நம்புறது?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அவர் மனைவியும் பிள்ளைகளும் என்னோடு இறங்கிவிட்டார்கள். "நீங்க முன்னால போங்க, தையல் மெஷினைக் கழட்டிட்டு வரேன்" என்றார்.

நாங்கள் பள்ளிக்கூடத் திருப்பம் வரை வந்திருந்தோம். சத்தம் எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது கடைசி வீட்டுக் கூரை கொஞ்சம் தாழ்ந்தது, யாரோ உட்காருகிற மாதிரி. அடுத்து அதற்குப் பக்கத்து வீடு. பிறகு நம் வீடு, மில்லோடு. ஏழு வீடு. அதன் பிறகுதான் இரைச்சல் கேட்டது. அவர் சின்ன மகள் என் கையைப் பிடித்திருந்தாள். அவள், "அப்பா இன்னும் வரலையே" என்றாள்.

ஊசியை நான்காம் நாள்தான் எடுத்தார்கள். எதிர்க்கரையில், கல் தடுப்புக்குக் கீழே தண்ணீர் தேங்குகிற இடத்தில், புதிதாக வண்டல் ஒதுங்கி ஒரு திட்டு எழும்பியிருக்கிறது. அங்கே கிடந்தார். நம் தெருவின் மண் முழுக்க அங்கேதான் போய்ப் படிந்திருக்கிறது. நல்ல மண் என்று இப்போதே இரண்டு பேர் முளை அடித்து வேலி போட வந்துவிட்டார்கள்.

உன்னை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அந்த நூறு வருடத்தைக் குழாயடியில் வாசித்தது என் வாய். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பறையில்தான் ஊசி பெண்டாட்டியும் பிள்ளைகளும் நாங்களும் படுத்திருக்கிறோம். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

விசாரணை அதிகாரி வந்தார். வெள்ளம் அதிகம், யாரும் எதிர்பார்க்கவில்லை என்று உன் ஆபீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். உன் கடிதங்கள் அத்தனையும் என் இடுப்புப் பையில் இருந்தன. எடுத்துக் கொடுத்துவிட்டேன். பதினான்காம் தேதிக் கடிதத்தையும் சேர்த்துத்தான். அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. "கடிதம் மட்டும் போதாது, எழுதியவர் வந்து சொன்னால்தான் செல்லும்" என்றார் அதிகாரி. விசாரணை அடுத்த மாதம் மூன்றாம் தேதி.

ஆறு இப்போது பள்ளிக்கூடத் தெருவின் பின்பக்கத்தைத் தொட ஆரம்பித்திருக்கிறது. நாற்பது வீடு. கல் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த மழைக்குப் பத்து மாதம்.

வந்தால் சோறு உண்டு. பேச்சு உண்டா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா


செப்டம்பர் 27

அக்காவுக்கு,

நீ கொடுத்தது சரி. நான் செய்திருக்க வேண்டியதை நீ செய்தாய்.

இன்று காலை மேலதிகாரி கூப்பிட்டார். விஷயம் அவருக்கு எட்டிவிட்டது. "அம்பு போட்ட படம்னு ஒண்ணு இருந்ததே இல்ல. ஃபைல்ல பாத்துக்க" என்றார். ஃபைலில் இல்லைதான். ஆனால் அம்பை அழித்து மை போடுவதற்கு முன்னால் நான் நகல்தாளில் எடுத்த பிரதி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. தேதியும் என் கையெழுத்தும் அதில் இருக்கின்றன, அம்பும் இருக்கிறது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். திரும்பிப் போனால் நாற்காலி இருக்காது. சின்னவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என் துணிகளை எடுத்துப் பையில் மடித்து வைத்தாள்.

மூன்றாம் தேதி நான் அங்கே இருப்பேன். கேட்டதற்கும் பதில் சொல்வேன், கேட்காததையும் சொல்வேன். அந்தக் கல்லை மழைக்கு முன்னால் எடுக்க வேண்டும், அல்லது உங்கள் கரைக்கும் போட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நாற்பது வீட்டையும் நானே கதவைத் தட்டிக் கிளப்புவேன்.

அதற்கு முன்னால் தையல்காரர் மனைவியைப் பார்க்க வேண்டும். அவரிடம் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். நான்கு தாள் கிழித்துவிட்டேன். எழுதுவதில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். நேரில் போய் நிற்கிறேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கேயே நிற்கிறேன்.

பாலம் திறந்துவிட்டார்கள். முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் வந்து சேருவதற்குள் நான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன்.

தம்பி